ஃபுலா முகக் கீறல்: தன்னார்வலரின் கேள்விக்குத் தோல் மருத்துவரின் பதில்

கேள்வி: பெனின் நாட்டின் வடக்கே, பராக்கூ நகருக்கு அருகே ஒரு பள்ளியில் தன்னார்வலராகப் பணியாற்றுகிறேன். வயது 26. என்னைத் தங்கவைத்திருக்கும், மேற்கு ஆப்பிரிக்காவின் கால்நடை மேய்க்கும் இனமான ஃபுலா குடும்பத்துப் பெரியவர்களின் கன்னங்களில் உள்ள கீறல் தழும்புகளை, ஊர் திரும்புவதற்குள் நானும் இட்டுக்கொள்ள விரும்புகிறேன். பாதுகாப்பாகச் செய்துகொள்ள முடியுமா?

பதில்: அந்தக் குடும்பத்தின் மீது நீங்கள் கொண்ட அன்பு கேள்வியிலேயே தெரிகிறது. ஆயினும் முகத்தில் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

பிளேடால் தோலைக் கீறி, சில இடங்களில் கரியோ சாம்பலோ தேய்த்துத் தழும்பாக்கும் இம்முறையில் நான் முதலில் அஞ்சுவது ஈரல் அழற்சி பி (ஹெபடைடிஸ் பி) வைரஸை. மேற்கு ஆப்பிரிக்காவில் இது பரவலாக உள்ளது. உடலுக்கு வெளியே உலர்ந்த இரத்தத்திலும் குறைந்தது 7 நாட்கள் உயிர்ப்புடன் இருக்கும். பிளேடைத் தீயில் காட்டுவதையோ சாராயத்தில் துடைப்பதையோ நம்ப முடியாது. கொதிநீர்கூட டெட்டனஸ் கிருமியின் வித்துகளை உறுதியாக அழிப்பதில்லை. இந்தியாவில் ஈரல் அழற்சி பி தடுப்பூசி தேசியத் திட்டத்தின்கீழ் நாடு முழுவதற்கும் விரிவடைந்தது 2011-இல்தான் என்பதால், உங்கள் வயதினரில் பலர் அதைப் போட்டிருக்கமாட்டார்கள். வழக்கமான 3 தவணைகள் முடிய 6 மாதங்கள் ஆகும். ஈரல் அழற்சி சி வைரஸுக்கோ எச்.ஐ.வி.க்கோ தடுப்பூசியே இல்லை.

அடுத்தது கெலாய்டு, அதாவது காயத்தின் எல்லையையும் தாண்டி வளர்ந்து தடிக்கும் தழும்பு. நம்மைப் போன்ற கருநிறத் தோலினரிடம் இது அதிகம். காது குத்திய இடமோ அம்மைத் தழும்போ உங்களுக்கோ பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ தடித்து வளர்ந்திருந்தால், உடலின் எந்தப் பகுதியிலும் கீறிக்கொள்ளாதீர்கள். கெலாய்டை வெட்டி மட்டும் எடுத்தால் பலருக்கு மீண்டும் வளர்ந்துவிடும். ஸ்டீராய்டு ஊசிகளை மாதக்கணக்கில் போட வேண்டியிருக்கும்.

வழக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். ஃபுலா மக்கள் எல்லோரிடமும் ஒரே அடையாளம் இல்லை. நைஜரின் வோடாபே பிரிவினர் முகத்தில் நுண்கீறல்கள் இடுவார்கள், செனகலிலும் மாலியிலும் பெண்கள் பலர் உதட்டையும் ஈறையும் பச்சை குத்திக் கருமையாக்குவார்கள். முகக் கீறல் பெரும்பாலும் சிறுவயதில், இன்னாருடைய பிள்ளை என்று காட்ட இடப்படுவது. இன்று பல குடும்பங்கள் தம் பிள்ளைகளுக்கே அதை இடுவதில்லை. பக்கத்து நைஜீரியாவில் 2003-ஆம் ஆண்டின் குழந்தை உரிமைச் சட்டம் பிள்ளைகளின் தோலில் குறியிடுவதையே தடை செய்கிறது. மேலும், பொறுமையையும் அடக்கத்தையும் போற்றும் 'புலாக்கு' என்ற நெறியில் வளர்ந்தவர்கள் விருந்தினரிடம் மறுப்பை நேராகச் சொல்லத் தயங்கக்கூடும். ஆகவே கீறுபவரை அணுகுமுன், உங்களுக்கு நெருக்கமான ஒரு பெரியவரிடம் தனியே அபிப்பிராயம் கேளுங்கள். அவர் தயங்கினால் அதையே மறுப்பாகக் கொள்ளுங்கள்.

அவர்கள் மனமுவந்து சம்மதித்து, உங்களுக்குக் கெலாய்டு வரலாறும் இல்லையென்றால், தடுப்பூசிகள் முடிந்தபின், மார்பையும் தோளையும் தவிர்த்து முன்கையில் ஒரு சிறு கோடு மட்டும் இட்டுக்கொள்ளலாம். உறை பிரிக்காத நுண்ணுயிர் நீக்கிய பிளேடை நீங்களே மருந்தகத்தில் வாங்கிக் கொடுங்கள். கரியும் சாம்பலும் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

ஒருவேளை பலருக்குப் பயன்பட்ட பிளேடால் ஏற்கெனவே கீறியிருந்தால், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவிவிட்டு அன்றே பராக்கூ மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாட்கள் உட்கொள்ள வேண்டும். ஈரல் அழற்சி பி தடுப்பூசியின் முதல் தவணையை முடிந்தவரை 24 மணி நேரத்துக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். டெட்டனஸ் ஊசியையும் கேட்டுப் பெறுங்கள்.