கடைசித் தாளில் ஒன்பது பெயர்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பர்மாவின் பெகுவிலிருந்து எழுதுகிறேன். கோயிலில் நடக்கும் கோடை விடுமுறைத் தமிழ் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த ஜனவரியில், படித்த புத்தகங்களைக் கணக்கு வைக்கும் குட்ரீட்ஸ் தளத்தில் 50 புத்தகம் என்று இலக்கு வைத்தேன். சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நண்பர்கள் 100 வைக்கிறார்கள், முடித்தும் விடுகிறார்கள். நான் முடித்தது 11. எப்போது திறந்தாலும் இத்தனை புத்தகம் பின்தங்கியிருக்கிறீர்கள் என்று காட்டுகிறது. இங்கே தமிழ்ப் புத்தகம் கிடைப்பதே பெரும் பாடு. ஃபோனில் படிக்கலாம் என்றால் கரண்ட் போய்விடுகிறது, சார்ஜ் நிற்பதில்லை. ‘பொன்னியின் செல்வ’னை மூன்றாம் பாகத்தோடு நிறுத்திவிட்டேன். வகுப்பில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டிய கதைப் புத்தகங்களைக் கணக்கில் சேர்க்கலாமா? இனி இலக்கே வைக்க வேண்டாமோ என்று தோன்றுகிறது.

ஒரு வாசகி, பெகு

அன்புள்ள தங்கைக்கு,

வகுப்பில் வாசித்துக் காட்டினீர்களே, அதைத்தான் முதலில் சேர்க்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

என்னிடம் ஒரு புத்தகம் இருக்கிறது. 1964-ல் கடைகளெல்லாம் அரசுடைமையாகி, நம் சனங்கள் கப்பல் கப்பலாக ஊர் திரும்பிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டார் ஒரு தகரப்பெட்டியை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். பெட்டி நிறையப் புத்தகம். நகைநட்டைக்கூடக் கொண்டுபோக முடியாத நேரம், புத்தகத்தை யார் தூக்கிக்கொண்டு போவார்கள்? பாதியைக் கரையான் தின்றுவிட்டது. மிஞ்சியதில் ஒன்றுதான் நான் சொல்வது. முன்னட்டை போய், யாரோ காலிகோ துணி ஒட்டித் தைத்திருக்கிறார்கள். தலைப்புத் தாள்கூட இல்லை. ஆனால் கடைசித் தாள் அப்படியே இருக்கிறது. அதில் ஒன்பது பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே வாங்கிய தேதி, திருப்பித் தந்த தேதி. சிலது ஊதா மையில், சிலது பென்சிலில். ஏழாவது பெயர் மட்டும் பர்மிய எழுத்தில் இருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படித்தால் நல்ல தமிழ்ப் பெயர்.

அப்பாவிடம் கேட்டேன். அந்தப் பெயருக்குரிய அம்மாவுக்குத் தமிழ் பேச வரும், எழுதப் படிக்க வராதாம். எட்டாவதாகக் கையெழுத்துப் போட்டிருப்பவர் அவருடைய வீட்டுக்காரர். அவர் ராத்திரியில் விளக்கு வைத்து வாசிக்க, அந்த அம்மா கேட்டு முடித்துவிட்டு, தனக்குத் தெரிந்த எழுத்தில் தன் பெயரை எழுதியிருக்கிறார். அதுவும் கணவர் பெயருக்கு முன்னால்.

உங்கள் குட்ரீட்ஸ் ஒரு வாசகருக்கு எத்தனை புத்தகம் என்று கேட்கிறது. ஆர்டர் போட்டால் வீட்டு வாசலுக்குப் புத்தகம் வந்துவிடுகிற ஊர்களுக்கு அது பொருத்தமான கேள்விதான். (அங்கேயும்கூட, 40 பக்கச் சிறுநூலும் 800 பக்க நாவலும் அந்தக் கணக்கில் ஒன்றுதான்.) நம் நிலைமை வேறு. ஒரு ஊருக்கு ஒரு பிரதி கிடைத்தாலே பெரிது. ரங்கூன் பான்சோடான் தெரு நடைபாதையில் பழைய புத்தகங்களுக்கு நடுவே ஒரு தமிழ்ப் புத்தகம் அகப்பட்டால் அன்றைக்கு எனக்குத் திருநாள். ஆகவே நாம் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். ஒரு புத்தகத்துக்கு எத்தனை வாசகர்? உங்கள் வகுப்பில் பதினைந்து பிள்ளைகள் இருந்து, ஒரு கதைப் புத்தகத்தை நீங்கள் வாசிக்கக் கேட்டார்கள் என்றால், அதன் கடைசித் தாளில் பதினாறு பெயர் எழுதலாம்.

இது இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. பர்மியர்களின் வாடகைப் புத்தகக் கடைகள் உங்களுக்கும் நினைவிருக்கும். ஒரு நாவலை நாள் வாடகைக்கு எடுத்து, வீட்டில் எல்லோரும் மாறி மாறிப் படித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார்கள். ஃபோன் வந்தபின் அந்தக் கடைகள் குறைந்துபோனதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

இலக்கே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். எண் என்று ஒன்று இருந்தால்தான் கை புத்தகத்தை எடுக்கும். ஆனால் 50 என்பது ஏறக்குறைய வாரத்துக்கு ஒன்று. 250 பக்கப் புத்தகம் என்றால் தினம் 34 பக்கத்துக்கு மேல். தெருவில் ‘மீ லாபி!’ (கரண்ட் வந்துவிட்டது!) என்று பிள்ளைகள் கத்தியதும் ஓடிப்போய் மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றி, சோறு வைத்து, ஃபோனைச் சார்ஜில் போடுகிற வீட்டில் இது நடக்கிற காரியமா? 12 வையுங்கள். பௌர்ணமிக்கு ஒன்று. கசோன், வாசோ, தடின்ஜுட், தசவுங்மோன் ஆகிய பர்மிய மாதப் பௌர்ணமிகள் எப்படியும் விடுமுறை. அன்றைக்குப் பிள்ளைகளையும் அவர்களுடைய அம்மா, அப்பாயிகளையும் கோயில் மண்டபத்தில் உட்காரவைத்து அந்த மாதப் புத்தகத்திலிருந்து வாசியுங்கள்.

‘பொன்னியின் செல்வ’னைப் பாதியில் விட்டதற்கு வெட்கப்படாதீர்கள். அது கல்கியில் 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த கதை. முதலில் படித்தவர்களுக்கே மூன்றரை வருடம் ஆயிற்று. ஐந்து பாகமும் மதுரைத் திட்டம் என்ற இணையத் தமிழ் நூலகத்தில் இலவசமாக இருக்கின்றன. கரண்ட் இருக்கும்போது இறக்கி வைத்துக்கொண்டு, ஏரோபிளேன் மோடில் போட்டுப் படித்தால் சார்ஜ் கூடுதல் நேரம் நிற்கும். நானும் அப்படித்தான் படிக்கிறேன்.

அப்புறம், முதல் பௌர்ணமிக்கு என்ன புத்தகம் என்று கேட்பீர்கள். வெ. சாமிநாத சர்மாவின் ‘எனது பர்மா வழி நடைப்பயணம்’. ரங்கூனில் ‘ஜோதி’ பத்திரிகை நடத்தியவர். 1941 டிசம்பரில் ஜப்பான் குண்டு ரங்கூனில் விழுந்தது. அடுத்த ஆண்டு அவரும் மனைவியும் ஆயிரமாயிரம் பேரோடு இந்தியாவுக்குப் புறப்பட்டுப் போனார்கள். உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் கொள்ளுத்தாத்தாக்களில் சிலராவது அந்தக் கூட்டத்தில் நடந்திருப்பார்கள், அல்லது வழியனுப்பிவிட்டு இங்கேயே நின்றிருப்பார்கள். வீட்டில் கேட்டுவரச் சொல்லுங்கள்.

என் பிரதியை அடுத்த வாரம் பெகுவுக்கு வருகிற ஒருவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். கடைசித் தாளில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். நான்கு பெயர் ஏற்கெனவே இருக்கிறது. ஐந்தாவதாக உங்கள் பெயரை, வாங்கிய தேதியோடு எழுதுங்கள். தமிழில் எழுதத் தயங்குகிற பிள்ளைகள் பர்மிய எழுத்திலேயே எழுதட்டும்.