நடனமா, தேர்வா?

கேள்வி: மகள் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு. மத்திய அரசின் கல்வி உதவித்தொகைக்கான என்.எம்.எம்.எஸ். தேர்வு எழுதச் சொல்கிறார்கள், அவளோ எந்நேரமும் கலைத் திருவிழா நடன ஒத்திகையில்! நடனத்தை நிறுத்திவிடட்டுமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: ஐயோ, நிறுத்தாதீர்கள். பாட்டுக்கும் கூத்துக்கும் அரசே மேடை போட்டு, மாநில அளவில் ஜெயித்தால் கலையரசி என்று பட்டமும் தருகிறதே, நம் காலத்தில் ஆண்டு விழாவில் ஒரு டிபன் பாக்ஸ் கொடுத்ததோடு சரி. அதற்காகத் தேர்வையும் விட வேண்டாம். மனத்திறன், படிப்பறிவு என்று இரண்டு தாள், ஒவ்வொன்றிலும் 90 கேள்வி, தலா ஒன்றரை மணி நேரம். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், நேராக மாணவியின் வங்கிக் கணக்குக்கே வரும். குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்தைத் தாண்டக் கூடாது, ஏழாம் வகுப்பில் 55 சதவீத மதிப்பெண் வேண்டும் (எஸ்.சி., எஸ்.டி.க்கு 50). விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான், தலைமை ஆசிரியரைப் பாருங்கள். மனத்திறன் தாளுக்குப் பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்த்தால் போதும், அதில் பாதி புதிர்தான், நடனமாடும் பிள்ளைக்கு அது பிடிக்கவே பிடிக்கும். அப்புறம், உதவித்தொகையை ஆண்டுதோறும் ஆன்லைனில் புதுப்பிக்க வேண்டும், நிறையப் பேர் கோட்டை விடுவது அங்கேதான்.