வீட் ஜெர்ம்: பாக்கெட்டைப் பிரித்த பிறகு வரும் கேள்விகள்

வீட் ஜெர்ம், அதாவது கோதுமை முளைக்கரு பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். பல வருடமாக இதை வீட்டில் வைத்துப் புழங்குகிறேன், ஒன்றிரண்டு முறை கெடுத்தும் இருக்கிறேன்.

கேள்வி: அக்கா, முளைகட்டிய கோதுமையைக் காயவைத்து அரைத்து வைத்திருக்கிறேன். வீட் ஜெர்ம் என்பது இதுதானே?

இல்லை. பெயர்தான் எல்லோரையும் குழப்புகிறது. ஒரு கோதுமை மணியைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் நீளவாக்கில் பள்ளமாக ஒரு கோடு ஓடும். அதைத் திருப்பிப் போட்டால், மறுபக்கத்தின் அடியில் சின்னதாக, முட்டை வடிவில் ஒரு புள்ளி தெரியும். அதுதான் முளைக்கரு. மணியை இரவு ஊறவைத்துக் காலையில் அந்த இடத்தை நகத்தால் நெம்பினால் தனியாக வந்துவிடும். வேரும் தளிரும் கிளம்புவது அதிலிருந்துதான். மணியின் எடையில் அது 3 சதவீதம்கூட வராது. மற்றதெல்லாம் மாவுப் பகுதியும் தவிடும்.

உங்களிடம் இருப்பது முழு மணியை முளைகட்டி அரைத்த மாவு. அதுவும் நல்ல பொருள்தான், தாராளமாகச் சாப்பிடுங்கள். கோதுமைப் புல் பொடி இவை இரண்டிலும் சேராது, அது முளைத்து வளர்ந்த இலை.

கேள்வி: இவ்வளவு புகழ்கிறார்களே, அப்படி என்ன சத்து இருக்கிறது?

100 கிராமில் புரதம் சுமார் 23 கிராம், நார்ச்சத்து 13 கிராம், கொழுப்பு 10 கிராம், துத்தநாகம் 12 மில்லிகிராம். ஃபோலேட், தயமின் (இரண்டும் பி வைட்டமின் வகை), மெக்னீசியம், வைட்டமின் ஈ எல்லாம் நன்றாகவே உண்டு. கோதுமை மாவில் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் கருவில் அதிகம்.

சரி, 100 கிராமை யார் சாப்பிடப் போகிறார்கள்? நாம் போடுவது இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 14 கிராம். அதில் புரதம் 3 கிராம் சொச்சம், நார்ச்சத்து 2 கிராம்போல, 50 கலோரி. இரண்டு கரண்டிக்கு இது நல்ல கணக்கு, ஆனால் இதுவே ஒரு வேளை உணவு ஆகிவிடாது. இரும்புச்சத்துக்காக இதை நம்பாதீர்கள், இரண்டு கரண்டியில் ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது.

வைட்டமின் ஈ-யை 1922-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஹெர்பர்ட் எவன்ஸும் கேத்தரின் பிஷப்பும் கண்டறிந்தார்கள். 1936-ல் எவன்ஸ் குழு அதை முதன்முதலாகப் பிரித்தெடுத்தது கோதுமை முளைக்கரு எண்ணெயிலிருந்துதான். அந்தப் புகழ் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கேள்வி: வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. காலாவதி தேதி இன்னும் வரவில்லை, ஆனால் கசக்கிறது. இதன் இயல்பே இதுதானா?

இயல்பு இல்லை, கெட்டுவிட்டது. கொட்டிவிடுங்கள்.

நல்ல முளைக்கரு லேசாக இனிக்கும், கொட்டைப் பருப்பு வாசனை வரும். கெட்டதை முகர்ந்தால் பழைய எண்ணெய் வாடை, வாயில் போட்டால் தொண்டையில் நிற்கும் கசப்பு. இதில் இருக்கும் எண்ணெய் சீக்கிரம் காறிப்போகிற வகை. அந்த எண்ணெயைச் சிதைக்கும் நொதிகளும் அதே மணியில்தான் இருக்கின்றன. மணி முழுசாக இருக்கும்வரை ஒன்றையொன்று அண்டாமல் கிடக்கும். ஆலையில் நசுங்கியதும் இரண்டும் கலந்துவிடும், அப்புறம் நாள் எண்ண வேண்டியதுதான்.

வெள்ளை மாவில் கருவை நீக்குவதும் இதனால்தான். கல் எந்திரத்தில் கருவும் சேர்ந்தே அரைபடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் உருளை ஆலைகள் வந்தபோது, எண்ணெய்ப் பசையுள்ள கரு பொடியாகாமல் தட்டையான செதிலாக நசுங்கியது. சலித்தால் தனியே வந்துவிட்டது. மாவு பல மாதம் கெடாமல் நின்றது, சத்து சல்லடையிலேயே தங்கியது.

அதனால் சின்னப் பாக்கெட்டாக வாங்குங்கள். பிரித்ததும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசர் இன்னும் நல்லது. ஈரக் கரண்டி வேண்டாம். நான் ஒருமுறை அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் வைத்து மறந்துவிட்டு, முகர்ந்துகூடப் பார்க்காமல் கேக்கில் கொட்டினேன். முட்டை, வெண்ணெய், சர்க்கரை எல்லாம் வீண். தேதியைவிட மூக்கை நம்புங்கள்.

கேள்வி: வறுத்தால் சத்து போய்விடுமா?

தயமின் கொஞ்சம் குறையும். ஆனால் அந்த நொதிகள் அடங்கிவிடும், ருசியும் கூடும். எனக்கு வறுத்ததுதான் பிடிக்கும். அடிகனமான வாணலி, சிறு தீ, கை ஓயாமல் கிளற வேண்டும். முதலில் பச்சை மாவு வாசனை வரும். ஐந்து நிமிடம்போல ஆனதும் வறுத்த பருப்பு வாசனையாக மாறும். அந்த நொடியில் தட்டுக்கு மாற்றிவிடுங்கள். அடுப்பை அணைத்துவிட்டு வாணலியிலேயே விட்டால் அந்தச் சூட்டிலேயே கருகும்.

கேள்வி: பிரெட் மாவில் சேர்த்தேன், சரியாக உப்பவில்லை. ஈஸ்ட் பழசா?

ஈஸ்ட்டைத் திட்டாதீர்கள். பச்சை முளைக்கருவில் குளூட்டாதயோன் என்ற பொருள் இருக்கிறது. அது மாவுக்கு இழுவை தரும் குளூட்டன் என்ற புரதப் பின்னலைத் தளர்த்தும், காற்றைப் பிடித்து வைக்க முடியாமல் மாவு அமர்ந்துவிடும். வறுத்துப் போடுங்கள், மாவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். தண்ணீர் ஒரு கை கூடுதலாகக் கேட்கும்.

கேள்வி: தினமும் எதில்தான் போடுவது?

தயிரில், நறுக்கிய பழத்தில், இறக்கி வைத்த கஞ்சியில் தூவலாம். கட்லெட்டுக்கு ரொட்டித்தூளுக்குப் பதிலாகப் புரட்டினால் மொறுமொறுப்பு வேறு தினுசாக இருக்கும், ஆனால் சீக்கிரம் சிவக்கும், தீயைக் குறையுங்கள். சூப் தண்ணீராக இருந்தால் ஒரு கரண்டி போட்டுக் கொதிக்கவிடுங்கள். பாலில் போட்டுக் காத்திருக்காதீர்கள், கூழாகிவிடும்.

கேள்வி: குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்கள் கொஞ்சமாகச் சாப்பிடலாமா?

கூடாது. சீலியாக் (குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் நோய்) இருந்தாலும் கோதுமை ஒவ்வாமை இருந்தாலும் ஒரு சிட்டிகைகூட வேண்டாம்.

கேள்வி: முளைக்கரு எண்ணெயில் பொரிக்கலாமா?

வேண்டாம், சூட்டில் வீணாகிவிடும். சமைத்து இறக்கியதன் மேல், இல்லாவிட்டால் சாலட்டில், சில சொட்டு விடுங்கள். புட்டியை ஃப்ரிட்ஜில் வையுங்கள்.