ஃபிஃப்த் வீல் வாங்கும் முன் டிரக்கைப் பாருங்கள்

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கும் என் மகன், பிக்கப் டிரக்கில் பூட்டி இழுத்துச் செல்லும் ‘ஃபிஃப்த் வீல்’ வீட்டு வண்டி ஒன்றைப் பழையதாக வாங்க நினைக்கிறான். எதைக் கவனிக்கச் சொல்லலாம்?
– வாசகர் ஒருவர், தாம்பரம்

பதில்: வண்டியைப் பார்ப்பதற்கு முன் தம்மிடம் உள்ள டிரக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரண டிரெய்லரை டிரக்கின் பின்புறக் கொக்கியில் மாட்டுவார்கள். இதுவோ, நம் எண்ணூர் சாலையில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளில் இருப்பதைப் போல, டிரக்கின் பின் அச்சுக்கு ஏறக்குறைய நேர்மேலே பொருத்திய இணைப்பில் வந்து உட்காரும். இதனால் ஓட்டத்தில் பக்கவாட்டு ஆட்டம் குறைவு என்றாலும், வண்டி எடையில் சுமார் 15 முதல் 25 சதவீதம் டிரக்கின் முதுகில் இறங்கிவிடும். 5,000 கிலோ வண்டியென்றால் ஏறக்குறைய 1,000 கிலோ. டிரக்கின் ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் குறித்துள்ள சுமை அளவுக்குள் இந்த எடையும், ஏறும் ஆட்களும் அடங்க வேண்டும். ‘நன்றாக இழுக்கும்’ என்ற விற்பனையாளரின் பேச்சு இதற்குப் பதிலாகாது.

பழைய வண்டிக்கு எமன் நீர்க்கசிவுதான். கூரை மூலைகளையும் சன்னலோரத் தரையையும் அழுத்திப் பார்த்து, மெத்தென்று அமுங்கினால், விலை எவ்வளவு மலிவானாலும் திரும்பிவிடுவது நல்லது. டயரின் தேதிக் குறியையும் படிக்கட்டும்: 2319 என்றிருந்தால், அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது.