தேக்கு என்றார், தோல் என்று சொல்லவில்லை

கேள்வி: ‘அசல் தேக்கு’ என்று 1,400 வெள்ளிக்கு ஒரு சாமி அலமாரி விற்றார்கள். மூன்று மாதம்கூட ஆகவில்லை, கீழ்த்தட்டு ஓரம் உரிகிறது. உள்ளே மரத்தூள் பலகை. கேட்டால், “மேலே இருப்பது தேக்குதானே” என்கிறார் கடைக்காரர். (பொங்கோல் வாசகி)

பதில்: அவர் சொல்வது பாதி உண்மை, அதுதான் வயிற்றெரிச்சல். வெனீர் என்பது மரத்தை அரை மில்லிமீட்டர் அளவுக்குச் சீவி எடுத்த தோல். அசல் மரம்தான். பலகைமேல் அதை ஒட்டுவதில் தப்பே இல்லை. நல்ல பிளைவுட்டில் ஒழுங்காக ஒட்டினால், நம் ஊர்ப் புழுக்கத்தில் முழுமரத்தைவிட நெளியாமல் நிற்கும். தோலைக் காட்டி முழுமரத்தின் விலையை வாங்குவதுதான் களவு.

நானும் ஏமாந்தவன்தான். மகன் படிக்க ஒரு ‘தேக்கு’ மேசை வாங்கினேன். ஒருநாள் இழுப்பறைகளைத் துடைக்கும்போது பார்க்கிறேன், மூன்றிலும் ஒரே இடத்தில் ஒரே கணு! வெனீர்கூட இல்லை, அச்சடித்த காகிதம். ரசீதைத் தேடி எடுத்தால் ‘மேசை - 1’ என்று மட்டும் இருந்தது. என்னத்தைச் சண்டை போடுவது?

அன்றிலிருந்து என் புலம்பல் ஒன்றுதான்: ரசீதில் எழுதி வாங்குங்கள். முழுமரமா, வெனீரா? உள்ளே பிளைவுட்டா, மரத்தூளா? ‘தேக்கு ஃபினிஷ்’ என்பது நிறத்தின் பெயர், மரத்தின் பெயர் இல்லை. வாய் கூசாமல் சொல்லும் கடைக்காரருக்குக் கை மட்டும் ஏன் கூசுகிறது? எழுத மாட்டேன் என்றால் வெளியே வந்துவிடுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். குறையுள்ள பொருளுக்கு விற்றவரைப் பொறுப்பாக்கும் ‘லெமன் சட்டம்’ சிங்கப்பூரில் 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. அதன்படி, ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை, பொருளைக் கொடுத்தபோதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று காட்டுவது கடைக்காரர் பாடு. முதலில் பழுதுபார்க்கவோ மாற்றித் தரவோ கேளுங்கள். மசியவில்லையா, சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்துக்குப் போங்கள். அப்புறம் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. உரிந்த இடத்தைப் படமெடுத்து வையுங்கள். நீங்களே பசை தடவிவிடாதீர்கள். விளக்கையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் சூட்டில் உரிந்தது என்று சொல்வார்.

கேள்வி: காண்டாக்ட் பசையில் ஒட்டிய வெனீர் கோணலாகிவிட்டது. நகர்த்த முடியுமா? (ஈசூன்)

பதில்: முடியாது. இரு பக்கமும் தடவிக் காயவிட்டு ஒட்டும் பசை அது, தொட்டதும் பிடித்துக்கொள்ளும். அடுத்த முறை, பசை காய்ந்தபின் நடுவில் காகிதம் விரித்து, வெனீரை நேராக வைத்து, காகிதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவுங்கள்.

கேள்வி: அலமாரிக் கதவுக்கு நானே வெனீர் ஒட்டினேன். ஒரே வாரத்தில் கதவு வில்லாக வளைந்துவிட்டது. பிளைவுட் விற்றவர் ஏமாற்றிவிட்டாரா? (ஜூரோங் வெஸ்ட்)

பதில்: பின்பக்கம் ஒட்டினீர்களா? ஒட்டியிருக்க மாட்டீர்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் தோலும் பசையும் காயும்போது பலகையை அந்தப் பக்கமே இழுக்கும். யார் கண்ணிலும் படாத பக்கத்துக்கு மலிவான வெனீர் போதும், ஆனால் ஒட்டியாக வேண்டும். பாவம், பிளைவுட்காரரை விட்டுவிடுங்கள்.

கேள்வி: இணையத்தில் 90 வெள்ளிக்கு வாங்கிய வெனீர் தாள்கள் சுருண்டு, இரண்டு வெடித்தும் இருக்கின்றன. பணம் திரும்பக் கிடைக்குமா? வந்து ஐந்து மாதமாகிறது, இப்போதுதான் பிரித்தேன். (உட்லண்ட்ஸ்)

பதில்: ஐந்து மாதம்! வந்த அன்றே பிரித்துப் படமெடுத்திருந்தால் விற்றவரைச் சுலபமாகப் பிடித்திருக்கலாம். இப்போது கேட்டால், உங்கள் வீட்டில்தான் வெடித்தது என்பார். நானே அவர் இடத்தில் இருந்தால் அப்படித்தான் சொல்வேன். ஆனாலும் ஆறு மாதம் தாண்டவில்லை; மேலே சொன்ன லெமன் சட்டப்படி அதைக் காட்டுவது அவர் பாடு. அதைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். சுருண்டதற்கு மருந்து உண்டு. லேசாகத் தண்ணீர் தெளித்து, வெள்ளைத் தாளுக்கு நடுவில் வைத்து, இரண்டு பலகைகளுக்கிடையே அரிசி மூட்டையை ஏற்றுங்கள். தாளைத் தினமும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். வெடித்த இரண்டையும் இழுப்பறை ஓரங்களுக்கு வெட்டிக்கொள்ளுங்கள்.