திங்கட்கிழமை வேலை இல்லை என்றாலும் விடுமுறைச் சம்பளம் உண்டு

கேள்வி: என் மகள் டப்ளினில் எம்.எஸ்சி. படிக்கிறாள். அக்டோபர் 10 முதல் ஒரு கஃபேயில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் ஆறு ஆறு மணி நேரம் வேலை பார்க்கிறாள். அக்டோபர் 27 அங்கே பொது விடுமுறையாம். முழுநேர ஊழியர்களுக்கு அந்த நாளுக்குச் சம்பளம் வந்திருக்கிறது, இவளுக்கு வரவில்லை. கேட்டதற்கு, "நீ பகுதிநேரம், அதுவும் திங்கட்கிழமை உனக்கு வேலையே கிடையாதே" என்று சொல்லிவிட்டார்களாம். மேற்கொண்டு கேட்டால் விசாவுக்கு வம்பு வருமோ என்று பயமாக இருக்கிறது. விட்டுவிடச் சொல்லட்டுமா?

— ஒரு தந்தை, தஞ்சாவூர்

ஐயா, விட்டுவிடச் சொல்லாதீர்கள். அந்த நாளுக்கான சம்பளம் உங்கள் மகளுக்கு வர வேண்டியதுதான்.

அயர்லாந்தில் இதைத் தீர்மானிப்பது 1997ஆம் ஆண்டின் வேலை நேரச் சட்டம். ஆண்டுக்குப் பத்துப் பொது விடுமுறைகள். முழுநேர ஊழியருக்கு வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே அந்த உரிமை உண்டு. பகுதிநேர ஊழியருக்கு ஒரே ஒரு நிபந்தனை: விடுமுறைக்கு முந்தைய நாளோடு முடியும் ஐந்து வாரங்களில், அந்த முதலாளியிடம் மொத்தம் 40 மணி நேரமாவது வேலை பார்த்திருக்க வேண்டும். ஐந்து வாரமும் விடாமல் வேலையில் இருந்திருக்க வேண்டும் என்பதில்லை, மணிக்கணக்கு சேர்ந்தால் போதும். உங்கள் மகள் 10ஆம் தேதி சேர்ந்து 26ஆம் தேதி வரை ஒன்பது ஷிப்ட் பார்த்திருக்கிறாள். 54 மணி நேரம். தாராளமாகத் தாண்டிவிட்டாள். இதே பெண் ஒரு வாரம் தாமதமாக, 17ஆம் தேதி சேர்ந்திருந்தால் கணக்கு 36 மணி நேரத்தில் நின்றிருக்கும், கடைக்காரர் சொன்னதும் சரியாகியிருக்கும். சனிக்கிழமை மட்டும் ஏழு மணி நேரம் பார்க்கும் மாணவர்கள் இப்படித்தான் ஐந்து வாரத்துக்கு 35 மணி நேரத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

அடுத்தது அந்தத் "திங்கட்கிழமை வேலையே கிடையாதே" என்ற வாதம். கேட்பதற்கு நியாயம்போல் இருப்பதால்தான் பெரும்பாலான மாணவர்கள் வாயை மூடிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அயர்லாந்தின் விடுமுறைப் பட்டியலைப் பாருங்கள். ஈஸ்டருக்கு மறுநாள், மே, ஜூன், ஆகஸ்ட் மாதங்களின் முதல் திங்கள், அக்டோபரின் கடைசித் திங்கள், 2023 முதல் சேர்ந்திருக்கும் புனித பிரிஜிட் நாளும் பெரும்பாலும் பிப்ரவரியின் முதல் திங்கள். பத்தில் ஆறு திங்கட்கிழமைக்குப் போய்விடுகிறது. மாணவர்களோ வகுப்பில்லாத வார இறுதியில்தான் வேலை பார்க்கிறார்கள். "உன் வேலை நாளில் விடுமுறை வந்தால்தான் காசு" என்று சட்டம் வைத்திருந்தால், வார இறுதி ஊழியருக்கு ஆண்டு முழுக்க ஓரிரு நாள் தேறுவதே பெரிது. அதற்காகத்தான் வேறு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: விடுமுறை நாள் வழக்கமான வேலை நாளாக இல்லாவிட்டால், வாரச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு.

2025இல் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 13.50 யூரோ. அவளுக்கு அதுவே கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாரம் 18 மணி நேரத்துக்கு 243 யூரோ. ஐந்தில் ஒரு பங்கு 48.60 யூரோ. அக்டோபர் 27க்கு அவளுக்கு வர வேண்டிய தொகை இது. ஒரு நாள் என்றால் சின்னத் தொகைதான். பத்து விடுமுறைக்கும் இப்படியே விட்டுக்கொடுத்தால் ஆண்டுக்கு நானூற்றைம்பது யூரோவுக்கு மேல் போகும். கல்விக் கடனுக்கு வட்டி கட்டுகிற வீட்டில் அது சின்னத் தொகை இல்லை.

இங்கே நம் பிள்ளைகளிடம் உலவும் ஒரு தப்பான நம்பிக்கையையும் சொல்லிவிடுகிறேன். "விடுமுறையன்று வேலை பார்த்தால் இரட்டைச் சம்பளம்" என்று ஒருவர் சொல்லி ஒருவர் நம்பிக்கொள்கிறார்கள். சட்டம் முதலாளிக்கு நான்கு வழிகள் கொடுக்கிறது: அன்றே சம்பளத்தோடு விடுப்பு, ஒரு மாதத்துக்குள் வேறொரு நாள் சம்பளத்தோடு விடுப்பு, ஆண்டு விடுப்பில் கூடுதலாக ஒரு நாள், அல்லது கூடுதலாக ஒரு நாள் சம்பளம். எதைக் கொடுப்பது என்று முடிவு செய்பவர் முதலாளி. எதையும் கொடுக்காமல் இருப்பது மட்டும் அந்த நான்கில் இல்லை. ஆகவே கேட்கும்போது "இரட்டைச் சம்பளம் கொடுங்கள்" என்று ஆரம்பித்தால் நியாயம் அவர் பக்கம் போய்விடும். "இந்த நான்கில் எனக்கு எது?" என்று கேட்க வேண்டும்.

பெரிய வெள்ளி அங்கே பொது விடுமுறை இல்லை. தீபாவளியும் இல்லை. அதற்கு ஆண்டு விடுப்பில்தான் எடுக்க வேண்டும். பகுதிநேர ஊழியருக்கு வேலை பார்த்த நேரத்தில் 8 சதவீதம் ஆண்டு விடுப்பாகச் சேர்கிறது. நான்கு வாரம் உழைத்தால் ஏறக்குறைய ஒரு ஷிப்ட். இது பொது விடுமுறையோடு சேராத தனிக் கணக்கு.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். உரிமையைக் கேட்டதற்காக ஊழியரைத் தண்டிப்பதை அதே சட்டம் தடுக்கிறது. மாணவர் அனுமதிக்கும் இந்தக் கேள்விக்கும் சம்பந்தமே இல்லை. ஸ்டாம்ப் 2 என்ற அந்த மாணவர் அனுமதியை வைத்திருப்பவர் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது. விசாவுக்கு வம்பு வருவது அங்கேதான். "திங்கட்கிழமை ஆள் இல்லை, நீ வந்துவிடு, இரண்டு பங்கு தருகிறேன்" என்று நல்ல மனத்தோடு மேலாளர் கூப்பிட்டிருந்தால், இவளும் ஆசையோடு போயிருப்பாள். 18 மணி நேரத்தோடு ஆறு சேர்ந்து அந்த வாரம் 24 ஆகியிருக்கும். அப்படிக் கூப்பிட்டால் அதே வாரத்தில் வேறொரு ஷிப்டை விட்டுக்கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரையும், டிசம்பர் 15 முதல் ஜனவரி 15 வரையும் மட்டும் 40 மணி நேரம் வரை அனுமதி உண்டு. பெற்றோர் பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படாமல், கேள்வி கேட்பதற்குப் பயப்படுவதைப் பல குடும்பங்களில் பார்க்கிறேன்.

கேட்கும் முறை முக்கியம். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு நடுவே, கல்லாப் பக்கம் நின்றுகொண்டு கேட்க வேண்டாம். மின்னஞ்சலில் நான்கு வரி போதும்: "அக்டோபர் 26 வரையான ஐந்து வாரங்களில் நான் 54 மணி நேரம் வேலை பார்த்திருக்கிறேன். அக்டோபர் 27 பொது விடுமுறைக்கான தொகை என் பே ஸ்லிப்பில் இல்லை. திங்கள் என் வேலை நாள் இல்லை என்பதால் வாரச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரும் என்று புரிந்துகொண்டிருக்கிறேன். அடுத்த சம்பளத்தில் சரிபார்த்துச் சேர்க்க முடியுமா?" சண்டைக்குப் போகிற தொனி வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். சின்னக் கடைகளில் பாதி நேரம் மேலாளருக்கே விதி தெரியாது. கணக்கரிடம் போனதும் சரியாகிவிடும். ரோஸ்டரை, அதாவது ஷிப்ட் பட்டியலை, வாரா வாரம் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், பே ஸ்லிப்புகளையும் சேர்த்து வைக்கட்டும். கையில் ரொக்கமாகக் கொடுத்து ஸ்லிப்பே தராத இடமாக இருந்தால், இந்த ஒரு நாள் சம்பளத்தை விடப் பெரிய தலைவலி அது. வேறு வேலை தேடச் சொல்லுங்கள்.

எழுதியும் பதில் வராவிட்டால், வேலை தொடர்பான புகார்களை விசாரிக்கும் அரசு அமைப்பான வொர்க்பிளேஸ் ரிலேஷன்ஸ் கமிஷனில் முறையிடலாம். கட்டணம் இல்லை. ஆறு மாதத்துக்குள் செய்ய வேண்டும். 48 யூரோவுக்காக முதல் வாரமே அங்கே ஓட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் டிசம்பரும் இப்படியே போனால் போகத்தான் வேண்டும்.

டிசம்பரில் கணக்கு மாறுகிறது. 25 வியாழன், அவளுக்கு வேலை இல்லாத நாள், எனவே அதே 48.60. மறுநாள் 26 வெள்ளி, அவளுடைய வழக்கமான வேலை நாள். கஃபே மூடியிருந்தாலும் அந்த ஆறு மணி நேரத்துக்கான 81 யூரோ வர வேண்டும். திறந்திருந்து அவள் வேலைக்குப் போனால், வேலை பார்த்ததற்கு 81, அதற்கு மேல் அந்த நான்கு வழிகளில் ஒன்று. விடுமுறைக்கு ஊருக்கு வருவதற்காக வேலையையே விட்டுவிடும் எண்ணம் இருந்தால் தேதியைப் பார்த்துச் செய்யட்டும். அதற்கு முந்தைய நான்கு வாரமும் வேலை பார்த்து, 20ஆம் தேதியோடு விலகினால் 25, 26 இரண்டுக்கும் உரிமை நிற்கும். 13ஆம் தேதியோடு விலகினால் இரண்டும் போய்விடும்.

எந்த வழியில் தரப்போகிறார்கள் என்பதை விடுமுறைக்கு 21 நாள் முன்பே கேட்கலாம். 14 நாள் முன்பு வரை முதலாளி பதில் சொல்லாவிட்டால், அன்று சம்பளத்தோடு விடுப்பு எடுத்துக்கொள்ளலாம். டிசம்பர் 25க்குக் கேட்பதற்கான கெடு டிசம்பர் 4. 26க்கும் சேர்த்து ஒரே மின்னஞ்சலாக, அதற்குள் அனுப்பச் சொல்லுங்கள்.