கோவிட் வந்தால் வீட்டிலிருப்பது இப்போது யார் பொறுப்பு? இங்கிலாந்துக்குப் புதிதாக வந்த தங்கைக்கு ஒரு பதில்

அன்புத் தங்கைக்கு வணக்கம்.

லெஸ்டரில் முதுகலை படித்துக்கொண்டே வார இறுதிகளில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்வதாக எழுதியிருந்தீர்கள். உங்களோடு ஒரே வீட்டில் தங்கியிருக்கும் பெண்ணுக்குக் கோவிட் உறுதியாகி, இரண்டாம் நாளே அவர் கிடங்கு வேலைக்குக் கிளம்பிப் போனதைப் பார்த்து அதிர்ந்துபோனதாகவும் சொல்லியிருந்தீர்கள். 2020இல் சென்னையில் நோய் வந்த வீட்டுக் கதவில் மாநகராட்சி ஒட்டிய அறிவிப்பையும், அடைத்து வைத்த தகரத்தையும் கண்ணால் கண்டவர் நீங்கள். அதனால் இந்த அதிர்ச்சி இயல்பானதே. இந்த நாட்டு மக்கள் தனிமைப்படுத்தும் சட்டம் போனதை எப்படி ஏற்றுக்கொண்டார்கள், உங்களுக்கே நோய் வந்து வீட்டில் இருந்துவிட்டால் சம்பளமும் வேலையும் விசாவும் என்னவாகும் என்பவை உங்கள் கேள்விகள். கிழக்கு லண்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் பணி அட்டவணை போடும் பொறுப்பில் நான் நெடுங்காலமாக இருக்கிறேன். யார் எந்த நாளில் உடம்பு முடியவில்லை என்று சொன்னார்கள், யார் சொல்லத் தயங்கினார்கள் என்பது என் மேசையைத் தாண்டித்தான் போகும் என்பதால், தெரிந்ததை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு செய்தியைத் தெளிவாக்கிவிடுகிறேன். சட்டம் போனபோது மக்கள் கைதட்டி வரவேற்றார்கள் என்று எண்ண வேண்டாம். 2022 பிப்ரவரியில் அன்றைய பிரதமர் போரிஸ் ஜான்சன், மார்ச் 24 வரை இருந்திருக்க வேண்டிய விதியை ஒரு மாதம் முன்னதாகவே எடுத்துவிடப் போவதாக நாடாளுமன்றத்தில் சொன்னார். அதை ஒட்டி யூகவ் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில், நோய் உறுதியானவர்கள் தொடர்ந்து தனிமையில் இருக்க வேண்டும் என்று சொன்னவர்கள் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர். இன்னும் சில மாதங்களாவது இருக்கட்டும் என்றவர்களும், எப்போதுமே இருக்கட்டும் என்றவர்களும் அதில் அடக்கம். உடனே நீக்கலாம் என்றவர்கள் சிறுபான்மையினரே.

இருந்தும் பிப்ரவரி 24 அன்று இங்கிலாந்தில் அந்தச் சட்டக் கட்டாயம் முடிவுக்கு வந்தது. 2020 செப்டம்பர் 28 முதல் அது நடைமுறையில் இருந்தது. மீறினால் 1,000 பவுனில் தொடங்கி, திரும்பத் திரும்ப மீறினால் 10,000 பவுன் வரை அபராதம் விதிக்க இடமிருந்தது. பத்து நாட்களாக இருந்த தனிமைக்காலம், தொற்று இல்லை என்று சோதனைகள் காட்டினால் 2021 டிசம்பரில் ஏழாகவும், அடுத்த மாதம் ஐந்து முழு நாட்களாகவும் குறைந்துகொண்டே வந்தது. ஆகவே அது ஒரே நாளில் இடிந்து விழுந்த சுவர் அல்ல. அதற்கு முன்பே, 2021 கோடையில், நோயாளிக்கு அருகில் இருந்ததாகக் கைப்பேசிச் செயலி ஒரே வாரத்தில் ஆறு லட்சத்துக்கும் அதிகமான எச்சரிக்கைகளை அனுப்பியபோது, ஊழியர்கள் வீட்டில் இருக்க நேர்ந்ததால் கடைகளில் அலமாரிகள் காலியாகின, பலர் செயலியையே நீக்கினார்கள். நோயாளியைத் தனிமைப்படுத்துவதில் மக்களுக்கு இருந்த பற்று, நோயாளியின் அருகில் இருந்தவரையும் வீட்டில் உட்காரவைப்பதில் இல்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

அரசு சொன்ன காரணங்களில் உண்மை இல்லாமல் இல்லை. பெரும்பாலான பெரியவர்கள் மூன்றாம் தவணைத் தடுப்பூசி வரை போட்டிருந்தார்கள். ஒமிக்ரான் வகையால் இறந்தவர்களின் விகிதம் முன்னைய அலைகளை விடக் குறைவாக இருந்தது. பேக்ஸ்லோவிட் போன்ற மருந்துகள் வந்திருந்தன. அந்த ஜனவரி மாதத்தில் மட்டும் சோதனைக்கும் தொடர்பு தேடலுக்கும் தனிமைப்படுத்தலுக்கும் 200 கோடி பவுன் செலவானதாகப் பிரதமர் கணக்குச் சொன்னார். டென்மார்க் அதே பிப்ரவரி முதல் நாளே கட்டாயத்தைப் பரிந்துரையாக மாற்றியிருந்தது. ஸ்காட்லாந்தில் நோயாளி வீட்டில் இருப்பது தொடக்கத்திலிருந்தே அறிவுரையாகத்தான் இருந்தது. அபராதம் என்ற கோல் இல்லாமலும் மக்கள் அதைப் பெரிதும் மதித்தார்கள். இதையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, கட்டாயத்தை என்றாவது ஒருநாள் எடுக்கத்தான் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் மக்கள் மனத்தில் அவநம்பிக்கையை விதைத்தது வேறு. ஊரடங்குக் காலத்தில் பிரதமர் இல்லத்தில் நடந்த விருந்துகள் பற்றி மூத்த அரசு அதிகாரி சூ கிரே தயாரித்த அறிக்கையின் முதற்பகுதி ஜனவரி 31 அன்று வெளியாகியிருந்தது. ஆளும் கட்சிக்குள்ளேயே கட்டுப்பாடுகளை வெறுத்த உறுப்பினர்கள் தலைமையை நெருக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வேளையில் வந்த அறிவிப்பை, மருத்துவக் காரணத்தால் வந்தது என்று நம்பப் பலருக்கு மனம் வரவில்லை. பிப்ரவரி 20 அன்று இரண்டாம் எலிசபெத் அரசியாருக்கே தொற்று உறுதியானதாக அரண்மனை அறிவித்தது. மறுநாள் பிரதமர் ‘கோவிடுடன் வாழ்தல்’ என்ற திட்டத்தை வெளியிட்டார். அன்று மாலை அவர் பக்கத்தில் நின்ற தலைமை மருத்துவ அலுவலர் கிறிஸ் விட்டி, சட்டம் போனாலும் நோய் உள்ளவர்கள் வீட்டில் இருக்க முயல வேண்டும் என்பதே பொதுச் சுகாதார அறிவுரை என்று வலியுறுத்திச் சொன்னார். ஒரே மேடையில் ஒருவர் கதவைத் திறக்க, மற்றவர் தயவுசெய்து வெளியே போகாதீர்கள் என்று கேட்டுக்கொண்டதைப் பார்த்த மக்கள் குழம்பியதில் வியப்பில்லை.

அந்த நாட்களில் பிரதமர் சொன்ன இன்னொரு கருத்தும் பேசப்பட்டது. ஜெர்மனியில் உடம்பு சரியில்லை என்றால் வேலைக்குப் போகாமல் இருக்கும் ஒழுங்கு மக்களிடம் இருக்கிறது, பிரிட்டனிலோ நோயோடு அலுவலகம் போகும் பழக்கம் இருக்கிறது என்ற பொருளில் அவர் பேசினார். எனக்கு அதைக் கேட்டபோது மிகவும் வருத்தமாக இருந்தது. ஜெர்மனியில் நோயுற்ற தொழிலாளிக்கு ஆறு வாரம் வரை முழுச் சம்பளத்தையும் முதலாளி கொடுக்க வேண்டும் என்பது சட்டம். இங்கே அன்று சட்டப்படி கிடைத்த நோய்க்கால ஊதியம் வாரத்துக்கு 96.35 பவுன். லண்டனில் ஓர் அறை வாடகைக்குக்கூட அது போதாது. இதைப் பழக்கத்தின் குறையாகப் பேசுவது, வாடகை கட்டும் தேதியை நெஞ்சில் சுமந்துகொண்டு வேலைக்குப் போகிறவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதாகும்.

கட்டாயத்தோடு சேர்ந்து என்னென்ன போயின என்பதைப் பாருங்கள். குறைந்த வருமானம் உள்ளவர்கள் வீட்டில் தங்கினால் கிடைத்துவந்த 500 பவுன் உதவி அதே பிப்ரவரி 24 அன்று நின்றது. அதுவும் பெரும்பாலும் ஏற்கெனவே அரசு உதவி பெறுபவர்களுக்கே எளிதில் கிடைத்ததால் கேட்டவர்களில் பலர் வெறுங்கையோடு திரும்பினார்கள் என்றாலும், கிடைத்தவர்களுக்கு அது பெரிய ஆறுதல். கோவிடுக்காக முதல் நாளிலிருந்தே நோய்க்கால ஊதியம் தரும் ஏற்பாடு மார்ச் 24 அன்று முடிந்து, முதல் மூன்று நாட்களுக்கு ஒன்றும் இல்லை என்ற பழைய முறை திரும்பியது. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பெரும்பாலானவர்களுக்கு இலவசச் சோதனையும் இல்லை. சட்டத்தை மட்டும் எடுத்துவிட்டு இந்த மூன்றையும் ஓராண்டாவது வைத்திருந்தால் மக்கள் மனப்பூர்வமாக ஒத்துழைத்திருப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தொழிற்சங்கங்களும் மருத்துவர் சங்கமும் அன்றே இந்தக் கவலையைச் சொன்னார்கள்.

எங்கள் துறையில் நிலைமை இன்னும் சிக்கலாக இருந்தது. தொற்று உள்ள ஊழியர் முதியோர் இல்லத்துக்குள் வரக்கூடாது என்ற வழிகாட்டல் தொடர்ந்தது. ஆனால் அப்படி வராதவர்களுக்கு முழுச் சம்பளம் கொடுக்க இல்லங்களுக்கு உதவிய அரசு நிதி மார்ச் 31 உடன் முடிந்தது. அந்த ஏப்ரலில் ஒரு காலைப் பொழுது நன்றாக நினைவிருக்கிறது. நிரந்தர மணிநேரம் இல்லாத ஒப்பந்தத்தில் இருந்த ஒரு பராமரிப்புப் பணிப்பெண், இரண்டு பிள்ளைகளின் தாய், உள்ளே வராமல் கார் நிறுத்துமிடத்தில் நின்றபடி எனக்குத் தொலைபேசினார். கையில் சோதனைப் பட்டை. பட்டை சரியாக வேலை செய்கிறது என்று காட்டும் சி (C) என்ற இடத்தில் அழுத்தமான கோடு, தொற்றைக் காட்டும் டி (T) என்ற இடத்தில் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரியும் மெல்லிய கோடு. “அக்கா, இதைக் கோடு என்று சொல்லலாமா?” என்று கேட்டார். அவர் ஒரு வாரம் வராவிட்டால் என்ன இழப்பார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கோடுதான் என்று சொல்லி அவரை வீட்டுக்கு அனுப்பினேன். நிர்வாகத்திடம் எத்தனையோ முறை பேசியும் சட்டப்படியான தொகைக்கு மேல் அவருக்கு எதுவும் வாங்கித்தர முடியவில்லை. நல்ல மனம் இருந்தும் அவர் அந்தக் கேள்வியைக் கேட்கும் நிலைக்குத் தள்ளப்பட்டார் என்பதை நான் மறக்கவில்லை. உங்கள் வீட்டுப் பெண்ணைப் பற்றி நீங்கள் கோபமாக எழுதியிருந்ததைப் படித்தபோது முதலில் நினைவுக்கு வந்தவர் இவர்தான்.

மறுபக்கத்தில் இருந்தவர்களையும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை செய்துகொண்ட அண்ணன் ஒருவர் இருக்கிறார். உடல் புதிய சிறுநீரகத்தை ஏற்றுக்கொள்வதற்காக எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மாத்திரைகளை வாழ்நாள் முழுக்க விழுங்குபவர். எத்தனை தவணை தடுப்பூசி போட்டாலும் பிறருக்குக் கிடைத்த பாதுகாப்பு அவருக்குக் கிடைக்காது. அவரைப் போன்றவர்கள் இந்த நாட்டில் லட்சக்கணக்கில் உண்டு. சட்டம் இருந்தவரை, எதிரே வருபவர் நோயோடு வரமாட்டார் என்று ஓரளவு நம்பிக் கடைக்குப் போனவர், அதன்பின் கூட்டம் சேருமுன் காலை ஏழு மணிக்கே போய்வரத் தொடங்கினார். ஊருக்கெல்லாம் விடுதலை நாள் என்று செய்தித்தாள்கள் எழுதிய அந்த நாள், அவருடைய வீட்டுச் சிறை நீண்ட நாள். மக்கள் கருத்து என்று பேசும்போது இவர்களின் குரல் எண்ணிக்கையில் சிறிதாகத் தெரிவதால் எளிதில் அமுங்கிப்போகிறது.

பின்பு நடந்தது என்ன? தொற்று உறுதியானவர்களிடம் தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த ஆய்வில், பிப்ரவரித் தொடக்கத்தில் ஐந்தில் நான்கு பேர் தனிமை விதிகளை முழுமையாகக் கடைப்பிடித்தார்கள். மார்ச் இறுதியில் அது பாதியைச் சற்றே தாண்டிய அளவுக்கு இறங்கியிருந்தது. அதே மார்ச் இறுதியில் இங்கிலாந்தில் பதின்மூன்று பேரில் ஒருவருக்குத் தொற்று இருந்ததாக அந்த அலுவலகம் மதிப்பிட்டது. அதற்கு வேகமாகப் பரவிய புதிய ஒமிக்ரான் கிளையும் காரணம், சட்டத்தின் மறைவை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் என் கண்ணில் பட்டது அந்தப் பாதிப்பேர்தான். யாரும் கட்டாயப்படுத்தாமல், பணம் தராமல், பிறருக்குப் பரவக்கூடாது என்பதற்காகவே வீட்டில் இருந்தவர்கள் அவர்கள். இந்த நாட்டு மக்கள் பொறுப்பற்றவர்கள் என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள் என்று நான் சொல்வது அவர்களை வைத்துத்தான்.

இனி உங்கள் சொந்தக் கேள்விக்கு வருகிறேன். இன்றைய அறிவுரை இதுதான்: காய்ச்சலோ, வேலைக்குப் போக முடியாத அளவு உடல் நலக்குறைவோ இருந்தால் வீட்டில் இருங்கள்; சோதனையில் கோவிட் உறுதியானால், சோதனை எடுத்த நாளுக்குப்பின் ஐந்து நாட்கள் பிறரோடு கலக்காமல் இருக்க முயலுங்கள்; பத்து நாட்கள் வரை எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களைச் சந்திக்காதீர்கள். நீங்கள் வேலை செய்வதே அத்தகைய முதியவர்களிடம் என்பதால் உங்களுக்கு இது வெறும் அறிவுரை அல்ல. உங்கள் இல்லம் இதற்கெனத் தனி விதி வைத்திருக்கும். உடம்பு நன்றாக இருக்கும்போதே அதை மேலாளரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் நோய்க்கால ஊதியம் பற்றிய பத்தியையும் இப்போதே படியுங்கள். சில இல்லங்கள் சட்டத் தொகைக்கு மேல் தருகின்றன, பல தருவதில்லை.

2025இல் நிறைவேறிய தொழிலாளர் உரிமைச் சட்டத்தின்படி 2026 ஏப்ரல் முதல் அந்த மூன்று நாள் காத்திருப்பு இல்லை. குறைந்த சம்பளம் வாங்குபவர்களுக்குச் சட்டப்படியான நோய்க்கால ஊதியமே கிடையாது என்ற தடையும் இல்லை. வாரத்துக்கு இருபது மணிநேரத்துக்குள் வேலை செய்யும் மாணவர்களுக்கு இது பெரிய மாற்றம். அந்த ஊதியம் முதலாளி தருவது, விசா நிபந்தனை தடுக்கும் அரசு நிதியுதவிக் கணக்கில் சேராது. ஆகவே அதை வாங்கினால் விசாவுக்கு இடையூறு வரும் என்று நம்மவர்களிடையே உலவும் பேச்சை நம்பி உரிமையை விட்டுவிடாதீர்கள். முதல் ஏழு நாட்களுக்கு மருத்துவர் சான்றும் தேவையில்லை, நீங்களே எழுதிக் கொடுத்தால் போதும்.

சோம்பேறி என்று நினைப்பார்களோ என்று அஞ்சுவதாக எழுதியிருந்தீர்கள். பணி தொடங்குவதற்குப் பல மணிநேரம் முன்பே தொலைபேசியில் அழைத்து, இரண்டு கோடு வந்திருக்கிறது என்று சொல்லி, சோதனைப் பட்டையின் படத்தையும் அனுப்பிவிட்டால், என்னைப் போல அட்டவணை போடுபவர்கள் மாற்று ஆள் தேட நேரம் கிடைத்ததற்கு நன்றிதான் சொல்வார்கள். உங்களோடு தங்கியிருக்கும் பெண்ணிடமும் இந்த ஊதிய விவரங்களைச் சொல்லுங்கள். முகவர் வழியாக வேலைக்கு எடுக்கப்பட்டவர்களுக்கும் இந்த உரிமை உண்டு என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் குணமாகும்வரை சமையலறையைப் பயன்படுத்தும் நேரத்தைப் பிரித்துக்கொண்டு, சன்னலைத் திறந்து வைத்து, வேலைக்குப் போகும் முன் நீங்களும் ஒரு சோதனை எடுத்துக்கொள்ளுங்கள், மருந்துக்கடையில் கிடைக்கும்.